எஸ்பிலாக் பால் பொடி: நீர்நாய்க் குட்டிக்கு எதுவரை போதும்?

டப்பாவின் மேல் இருப்பது நாய்க்குட்டி படம். அமெரிக்காவின் பெட்டேஜ் நிறுவனம் இதைச் செய்வதும் நாய்க்குட்டிகளுக்காகத்தான். ஆனாலும் தாயை இழந்த நீர்நாய்க் குட்டிகளை வளர்த்து மறுபடி ஆற்றில் விடும் மையங்களில் இந்த எஸ்பிலாக் டப்பாவைப் பல காலமாகப் பார்க்கலாம். தமிழில் பெயரிலேயே ‘நாய்’ ஒட்டிக்கொண்டிருப்பதால், நாய்ப்பால் பொடி இதற்குப் பொருந்துவது இயல்புதானே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நீர்நாய் நாய்க் குடும்பமே அல்ல. நீலகிரி மார்ட்டின், வீசல் போன்ற நீண்ட உடல் கொண்ட சிறு ஊனுண்ணிகளுக்குத்தான் அது பங்காளி. அதன் தாய்ப்பாலும் நாய்ப்பாலும் வேறு வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குட்டி வந்து சேர்ந்த முதல் பத்து நாளுக்கு இதைவிட நம்பகமான பொடி குறைவு. அதற்குப் பிறகு இதை மட்டுமே நம்பினால் குட்டி உயிரோடு இருக்கும், ஆனால் வளர வேண்டிய வேகத்தில் வளராது. ஏன் என்பது டப்பாவின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களிலேயே இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. இந்தியாவில் நீர்நாயை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காவிரிக் கரையிலோ மோயாற்றிலோ குட்டி தனியாகக் கத்துவதைக் கண்டால் முதல் வேலை வனத்துறைக்குத் தகவல் சொல்வது. தாய் மீன் பிடிக்கப் போயிருக்கலாம், குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு வளைக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். காயமோ நாய்த் தொல்லையோ இல்லாவிட்டால், தூரத்தில் நின்று சில மணி நேரம் பார்த்தபிறகுதான் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த விமரிசனம் அந்தக் கட்டத்தைத் தாண்டி, அனுமதி பெற்ற மையத்தில் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கும் குட்டியைப் பற்றியது.

எண்களுக்கு வருவோம். எஸ்பிலாக் பொடியில் புரதம் குறைந்தது 33 சதவீதம், கொழுப்பு குறைந்தது 40 சதவீதம். தண்ணீர் நீங்கலாகப் பார்த்தால் நல்ல கனமான பொடிதான். நீர்நாயின் தாய்ப்பாலில் ஏறக்குறைய 24 சதவீதம் கொழுப்பும் 11 சதவீதம் புரதமும் உண்டு. லாக்டோஸ் எனும் பால்சர்க்கரை இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவு. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி, லாக்டோஸ் 5 சதவீதத்தை ஒட்டி. குட்டியைக் கண்டெடுத்தவர்கள் பரிவோடு பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் கொடுத்து, மறுநாள் பேதியோடு மையத்துக்குக் கொண்டுவருவதன் காரணம் இதுதான். ஆட்டுப்பாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றமில்லை. மனிதக் குழந்தைகளுக்கான பால் மாவில் லாக்டோஸ் இன்னும் தூக்கல், அதனால் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

இனி கணக்கு. அரைக் கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய 125 கிலோகலோரி (உடல் எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கி, வளரும் குட்டி என்பதால் அதன் மூன்று மடங்கு). டப்பாவில் சொன்னபடி ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு நீர் கலந்தால் மில்லிக்கு ஒரு கிலோகலோரியை ஒட்டி வரும். ஆக ஒரு நாளைக்கு 125 மில்லி வேண்டும். ஒரு வேளைக்குக் கொடுக்கக்கூடியது உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 25 மில்லி. ஐந்து வேளை ஆயிற்று. தாய்ப்பாலோ மில்லிக்கு இரண்டரைக் கிலோகலோரிக்கு மேல். அதே ஆற்றலை 50 மில்லிக்குள் கொடுத்துவிடும். நாம் ஐந்து வேளை வயிறு முட்ட ஊட்டிச் சேர்ப்பதைத் தாய் இரண்டு வேளை அளவிலேயே முடித்துவிடுகிறாள். குட்டி பாலைக் குடித்த கையோடு மறுபடி கத்துவதற்கும், ஊட்டுபவர் பரிதாபப்பட்டுக் கூட ஒரு சிரிஞ்சு கொடுப்பதற்கும், அது பேதியில் முடிவதற்கும் இந்த இடைவெளிதான் மூலம். பொடி கெட்டது என்று பழி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கெட்டது பொடியல்ல, அளவு.

அதனால்தான் முதல் பத்து நாளுக்கு இது நல்லது என்கிறோம். பட்டினியில் வந்த குட்டிக்கு எடுத்ததும் கனமான பால் ஆகாது. மெலிந்த குடல் மெதுவாகப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு எஸ்பிலாக்கின் நடுத்தரக் கனம் சரியாக அமைகிறது.

கொடுக்கும் வரிசையில் பால் மூன்றாவது. முதலில் சூடு. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் குடல் அசையாது, பால் வயிற்றிலேயே கிடந்து புளிக்கும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். வெக்கை கூடினால் குட்டி மறு பாதிக்கு நகர்ந்துகொள்ளும். இரண்டாவது நீர். தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றால் குட்டி வற்றியிருக்கிறது என்று பொருள். மருத்துவர் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற ஊசித் திரவத்தை ஏற்றுவார். வாய்வழி முதல் இரண்டு மூன்று வேளையும் எலக்ட்ரோலைட் எனும் தாது உப்புக் கரைசல்தான். அதற்குப் பிறகு கலந்த பால் ஒரு பங்கு, கரைசல் மூன்று பங்கு. அடுத்து பாதிக்குப் பாதி. அதற்கடுத்து முக்கால் பங்கு பால். முழுப் பாலுக்கு வந்து சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகட்டும். ஒவ்வொரு படியிலும் மலத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. தளர்ந்தால் ஒரு படி பின்னுக்கு.

கலக்குவதில்தான் இந்தப் பொடிக்குப் பொறுமை வேண்டும். எளிதில் கட்டி தட்டும். வெதுவெதுப்பான நீரில் பொடியைத் தூவிக் கரண்டியால் குழைத்து, பிறகு மீதி நீரை விட வேண்டும். மிக்சியில் அடித்தால் ஒரு நொடியில் கரையும், உண்மைதான். கூடவே நுரையும் எழும். அந்த நுரை முழுவதும் குட்டியின் வயிற்றுக்குள் காற்றாகப் போய் உப்புசமாக நிற்கும். குழைத்த பாலை வடிகட்டி, குளிர்பெட்டியில் குறைந்தது நான்கு மணி நேரம் ஊற விட்டுக் கொடுத்தால் மணல்போல் நெருடும் துகள் அடங்கிவிடுகிறது. செரிமானத்திலும் வித்தியாசம் தெரியும். ஆகவே இரவுப் பாலை மாலையிலேயே கலந்து வைப்பது வழக்கமாக இருக்கட்டும். கலந்த பால் 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சூடுபடுத்தி மிஞ்சியதை மறுபடி குளிர்பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

அளவுக் கரண்டியை நம்ப வேண்டாம். ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் கோபுரமாக அள்ளுவார். இரண்டு பேர் முறை மாறி ஊட்டும் மையத்தில் காலைப் பாலும் இரவுப் பாலும் வெவ்வேறு கனத்தில் போகும். பத்துக் கரண்டியைத் தலைதட்டி எடுத்து எடை போட்டுப் பத்தால் வகுத்து, அந்த எண்ணை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணுவது மாதிரி கிராம் கிராமாகப் பார்க்கிறோமே என்று தோன்றலாம். அரைக் கிலோ குட்டிக்கு ஒரு நாள் முழுவதற்கும் வேண்டியது 23 கிராம் பொடிதான். அதில் ஐந்து கிராம் கூடிக் குறைவது சின்ன விஷயமல்ல.

ஊட்டும் சூடு 37, 38 டிகிரி. குட்டி வயிறு கீழே இருக்கும்படி துண்டின் மேல் படுத்திருக்க, தலை லேசாக உயர்ந்திருக்க வேண்டும். கைக்குழந்தைபோல் மல்லாத்திப் பிடித்துப் படம் எடுப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறோம்: மல்லாந்த நிலையில் புரையேறினால் பால் நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். இந்த வயதில் அதிலிருந்து மீள்வது கடினம். மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைத்துவிட வேண்டும். நாய்க்குட்டிக் காம்பில் துளை பெரிதாக இருக்கக் கூடாது. புட்டியைக் கவிழ்த்தால் தானாக ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. நீர்நாய்க் குட்டிகளில் பல காம்பை ஏற்காது, கடித்துத் துப்பும். அதற்கு 1 மில்லி, 3 மில்லி சிரிஞ்சு, வாயின் ஓரமாக, அது விழுங்கும் வேகத்துக்கு ஏற்ப. பல் முளைத்த குட்டி காம்பைத் துண்டாகக் கடித்து விழுங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு வேளை முடிந்ததும் காம்பை எண்ணிப் பார்ப்பது நல்லது. கண் திறக்காத குட்டிக்குப் பால் குடித்தபின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும். யூரேசிய நீர்நாய்க் குட்டி கண் திறக்கவே பிறந்து ஒரு மாதத்தை ஒட்டிய காலம் ஆகும் என்பதால் இந்த வேலை சீக்கிரம் முடியாது.

பால் முடிக்குள் ஒட்டினால் இந்தப் பொடியின் கொழுப்பே எதிரியாகிறது. நீர்நாயின் உடம்பில் குளிரைத் தாங்கும் தடித்த கொழுப்புப் படலம் கிடையாது. அடர்ந்த உள்முடி பிடித்து வைத்திருக்கும் காற்றுதான் அதன் போர்வை. மோவாயிலும் கழுத்திலும் காய்ந்த பால் முடியைத் திரிதிரியாக ஒட்டிவிட்டால் அந்த இடத்தில் நீர் தோல்வரை இறங்கும். வேளைக்கு வேளை வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஷாம்பு வேண்டாம்.

பத்தாவது நாளுக்குப் பிறகு என்ன செய்வது? இதே நிறுவனம் உயிரியல் பூங்காக்களுக்காக விற்கும் ஜூலாஜிக் மில்க் மேட்ரிக்ஸ் வரிசையில் 30/55 என்று ஒரு பொடி உண்டு. பெயரே விவரம்: புரதம் 30, கொழுப்பு 55. நீர்நாய்த் தாய்ப்பாலை நீர் நீக்கிக் கணக்கிட்டால் புரதம் 30-ஐயும் கொழுப்பு 60-ஐயும் ஒட்டி வரும். இவ்வளவு நெருக்கமாக வேறு எதுவும் கடையில் இல்லை. எஸ்பிலாக்கில் கால் பங்கை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து இரண்டு நாள், பிறகு எடையில் பாதிக்குப் பாதி. இந்தக் கலவையில் ஒரு கிராமுக்கு மூன்று மில்லி நீர் என்று வைத்தால் மில்லிக்கு ஒன்றரைக் கிலோகலோரி கிடைக்கும். நமது அரைக் கிலோ குட்டிக்கு நாளைக்கு 85 மில்லி போதும், நான்கு வேளையில் அடங்கிவிடும். இரவில் ஊட்டுபவருக்கும் தூக்கம், குட்டிக்கும் தூக்கம். பால் கனமாகும்போது நீர் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. மலம் உருண்டையாகக் கட்டினால் நீரைக் கூட்டுங்கள், பொடியைக் குறைக்காதீர்கள். 30/55 சேர்ந்த பாலில் கொழுப்பு மேலே ஒதுங்குவதால் ஊட்டுமுன் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும்.

அந்தப் பொடி கிடைக்காத இடத்தில் 25 சதவீதக் கொழுப்புள்ள, சர்க்கரை சேராத கிரீமை 100 மில்லி எஸ்பிலாக் பாலுக்கு 10 மில்லி சேர்க்கலாம். இருபதுக்கு மேல் கலோரி கூடும். அதைத் தாண்டிக் கிரீமைக் கூட்டினால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் பங்கில் குறைந்து, கொழுத்த குட்டிக்கு மெலிந்த எலும்பு என்ற நிலை வரும். மாற்று வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூனைக்குட்டிக்கான கேஎம்ஆர் பொடியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். புரதம் 42, கொழுப்பு 25. நீர்நாய்க்குத் தலைகீழான விகிதம் அது. ராயல் கேனின் பேபிடாக் மில்க் எஸ்பிலாக்குக்கு உண்மையான போட்டி: புரதம் 33, கொழுப்பு 39, கிட்டத்தட்ட அதே பொடிதான். 100 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து வருவதும், கட்டி தட்டாமல் கரைவதும், புட்டியும் மூன்று காம்புகளும் பெட்டியிலேயே இருப்பதும் அதற்குக் கூடுதல் மதிப்பெண். நம் ஊர் ஈரக் காற்றில் பொட்டலம் பெரிய வசதி. எஸ்பிலாக் டப்பாவைத் திறந்தபின் குளிர்பெட்டியில் மூன்று மாதம்வரை, உறைபெட்டியில் ஆறு மாதம்வரை வைக்கலாம் என்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ஈரக் கரண்டி ஒன்று உள்ளே போனாலே போதும், பொடி பாறையாகிவிடும். 40 சதவீதக் கொழுப்பு என்பதால் சிக்கு வாடையும் சீக்கிரம் ஏறும். மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெய் நெடி அடித்தால், தேதி மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

செயற்கைப் பாலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று கண். 1980-களின் தொடக்கத்திலேயே, பால் பொடியில் வளர்ந்த ஓநாய்க் குட்டிகளுக்குக் கண்புரை வந்ததையும், அர்ஜினின் என்ற அமினோ அமிலப் பற்றாக்குறையோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டியின் விழியில் பால் படர்ந்ததுபோல் வெண்மை தெரிந்தால் பொடியோடு மல்லுக்கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தவரை சீக்கிரம் மீனுக்கு மாற்றுவதும் அதற்கு ஒரு பதில்.

எடை நாள்தோறும் ஒரே நேரத்தில், பாலுக்கு முன்னால். முழுப் பாலுக்கு வந்தபின் இரண்டு நாள் தொடர்ந்து முள் நகராவிட்டால் கலோரிக் கணக்கை அன்றைய எடைக்குத் திருப்பிப் போடுங்கள். பழைய எடைக்குப் போட்ட அளவையே பத்து நாள் கொடுத்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அரைக் கிலோவுக்கு 125 என்றால் ஒரு கிலோவுக்கு 210. 340 கிராம் டப்பா அரைக் கிலோ குட்டிக்குப் பதினைந்து நாள் வரும், ஒரு கிலோ குட்டிக்கு ஒன்பது நாள்கூடத் தாண்டாது. இரண்டு குட்டி இருந்தால் 793 கிராம் டப்பாவே சிக்கனம்.

ஏழெட்டு வாரத்தில் பாலில் ஊறிய மீன் விழுது. கெண்டையோ ஜிலேபியோ, முள் நீக்கி அரைத்து, பாலில் குழைத்துத் தட்டில் வையுங்கள், கையில் அல்ல. பிறகு துண்டு, பிறகு முழுச் சிறு மீன். கெளுத்தியின் துடுப்பு முள்ளை வெட்டாமல் போடக் கூடாது. கெண்டை, மத்தி போன்ற பல மீன்களில் தயமினை (வைட்டமின் பி1) அழிக்கும் நொதி உண்டு. உறைய வைத்த மீனே தீனி என்றால் ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமினும், 100 அலகு வைட்டமின் ஈயும் சேர்ப்பது வழக்கம். இல்லாவிட்டால் தள்ளாட்டமும் வலிப்பும் வந்தபிறகுதான் காரணம் தெரியும். மீனுக்கு வந்த குட்டிக்கு ஆழமில்லாத தொட்டி, ஏறி வர சரிவு, பக்கத்தில் உலர்ந்த வைக்கோல். நீந்திவிட்டு உடம்பைத் தேய்த்து உலர்த்த இடமில்லாத நீர்நாய்க்கு முடி நனைந்தே கிடக்கும்.

எந்தப் பால் பொடிக்கும் எட்டாத ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டரே பே மீன்காட்சியகத்தில் தாயற்ற கடல்நீர்நாய்க் குட்டிகளுக்கு ஊட்டுபவர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் அணிந்துகொள்கிறார்கள். மனித முகத்தோடு பாலைச் சேர்த்துக் குட்டி மனதில் பதித்துவிடக் கூடாது என்பதற்காக. 2001 முதல் அங்கே வளர்ந்த பெண் நீர்நாய்களையே வளர்ப்புத் தாயாக்குகிறார்கள். புட்டி எவ்வளவு சீக்கிரம் விலகுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அந்த ஏற்பாட்டின் சாரம். 2002-க்கும் 2016-க்கும் இடையில் அப்படி விடப்பட்ட 37 குட்டிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும்தான் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் கூடிய நீர்நாய்த் தொகையில் பாதிக்கு மேல். நம்மிடம் வளர்ப்புத் தாய் இல்லாவிட்டாலும் ஒரே ஆள் ஊட்டுவது, ஊட்டும்போது பேசாமல் இருப்பது, அதே இனக் குட்டி இன்னொன்றைக் கூடவே வளர்ப்பது ஆகியவை செலவில்லாதவை. யூரேசிய நீர்நாய்க் குட்டி காட்டில் தாயோடு ஒரு வருடத்தை ஒட்டி இருக்கும். அதில் பாலின் பங்கு சுமார் மூன்று மாதம். இந்த டப்பாவின் பங்கு அதிலும் ஒரு பகுதிதான்.

வாங்குவதானால்: இந்தியாவில் எஸ்பிலாக் இறக்குமதிச் சரக்கு, எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குட்டி வந்தபிறகு தேடினால் பேபிடாக் பெட்டிதான் கையில் அகப்படும், அதுவே போதும். ஆண்டுதோறும் குட்டிகள் வரும் மையம் என்றால் எஸ்பிலாக் ஒரு சிறு டப்பாவும் 30/55 ஒன்றும் திறக்காமல் இருப்பில் வைத்து, தேதி நெருங்கினால் மாற்றிக்கொள்ளுங்கள். நசுங்கிய டப்பாவைக் கடைக்காரர் விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வளர்ப்பின் நடுவில் ஒரு பொடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேர்ந்தால், இரண்டும் எண்ணளவில் ஒன்றுபோலவே இருந்தாலும், மூன்று நாள் கலந்து கலந்துதான் மாற்ற வேண்டும்.